தனிச் சிகிச்சையா, சக வீரர் குழுவா?

படைப்பணியிலிருந்து திரும்பியவரைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு (PTSD) பற்றி, போர் நினைவுகள் வாட்டும்போது, உளவியலாளரிடம் தனியாகச் சிகிச்சை பெறுவதா, முன்னாள் வீரர்கள் கூடிப் பேசும் குழுவில் சேர்வதா என்ற கேள்வி எழுகிறது.

தவிர்த்துவந்த நினைவுகளைப் பாதுகாப்பான சூழலில் மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகளில் முடிகிறது. கொடுங்கனவு, திடுக்கிடல் போன்ற அறிகுறிகளைக் குறைப்பதில் அதற்கு வலுவான ஆய்வுச் சான்றுகள் இருந்தாலும், தொடக்கத்தில் வேதனை கூடுவதாக உணர்ந்து இடையிலேயே விலகுவோரும் உண்டு.

குழுவின் பலம் வேறு. 1970களில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் தாங்களே கூட்டிய உரையாடல் குழுக்கள், 1980இல் இக்கோளாறு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெறவும் துணைநின்றன. கட்டளையும் அணியும் இல்லாத குடிமை வாழ்வின் தனிமையை, விளக்கம் கேட்காமலே இன்னொரு வீரர் புரிந்துகொள்கிறார் (குடும்பத்தாரால் இது பெரும்பாலும் இயலுவதில்லை, அது அவர்கள் குற்றமன்று). எனினும், அறிகுறிகள் கடுமையாக இருந்தால் சிகிச்சையையே முதலில் வைப்பேன். தற்கொலை எண்ணம் தோன்றினால், இரண்டுக்கும் காத்திராமல் உடனடி மருத்துவ உதவியை நாட வேண்டும்.