பத்மினி வாங்குமுன் தரையைத் தட்டிப் பாருங்கள்

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி, 1986 மாடல், பெட்ரோல். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னொரு கார் இருந்தாலும் மனசு இதில்தான். இந்த வண்டியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எஞ்சின் எப்படி?" என்றுதான். பத்மினியில் எஞ்சின் பெரிய செலவே இல்லை. பணம் போவது தகரத்தில்.

அந்தக் காலத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இருப்பது போல இதற்குக் கீழே தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் சேசிஸ். கால் வைக்கிற தரை, கதவுக்கு அடியில் ஓடுகிற படி, பின்பக்க ஸ்பிரிங் மாட்டும் இடம், இதில் எது துருப்பிடித்தாலும் வண்டியின் பலமே போய்விடும். முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, மிதியடிக்குக் கீழே தேங்கி, மேலே ஒன்றும் தெரியாமலே அரிக்கும். என் வண்டிக்கு டிங்கரிங்கும் பெயின்ட்டும் சேர்த்து 1,10,000 ரூபாய் ஆனது. எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றியதற்கு அதில் பாதிகூட ஆகவில்லை.

தகர வேலைக்கு முன்கூட்டியே கணக்குச் சொல்லவும் முடியாது. ஒரு ஓட்டையை அடைக்க வெட்டினால் பக்கத்துத் தகரமும் பொரிந்து கையோடு வரும். நான் உலோகத்தில் பிழைப்பவன். துருவின் மேல் பற்றவைத்தால் நிற்காது. நல்ல தகரம் தெரியும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். மேடுபள்ளம் நிரவும் பட்டியைப் பூசித் துருவை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் படியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். கனமாகப் பட்டி இருந்தால் காந்தம் பிடிக்காது. மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும்.

மற்ற வேலைகளுக்குச் சேலத்தைவிட நல்ல ஊர் அமைவது கஷ்டம். சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கத்தில் இருக்க, இது லாரிகளை நம்பி வளர்ந்த பட்டறைகள் உள்ள ஊர். பிரேக் டிரம் கடைவது, லைனிங் ஒட்டுவது, ரேடியேட்டர் அடைப்பு எடுப்பது, இறங்கிப்போன ஸ்பிரிங் பட்டைக்கு வளைவு ஏற்றுவது எல்லாம் இங்கே அன்றாட வேலை. முன்சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்கான புஷ் கடையில் இல்லையென்றால் அளவு கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள். கிடைக்காதவை ரப்பர், கண்ணாடி, மீட்டர், கதவுக் கைப்பிடி போன்றவை. அவற்றுக்குச் சென்னை புதுப்பேட்டைக்கோ மும்பைக்கோ சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். மும்பையில் பத்மினி டாக்சிகள் ஓடியவரை சாமானுக்கு ஒரு சந்தை இருந்தது. 2023 அக்டோபரோடு அவையும் நின்றுவிட்டன. கண்ணில் படும்போதே வாங்கி வைப்பதுதான் நல்லது.

ஏற்காட்டுக்கு ஓட்டிப் பார்க்காமல் இந்த வண்டிக்கு மதிப்புப் போட முடியாது. 1,089 சிசி, நாற்பது குதிரைத்திறனுக்குப் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவையும் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறும், ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் கம்பி கைக்கு அவ்வளவு வாகாக வரும். ஆனால் கோடையில் மதியம் கிளம்பாதீர்கள். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி, கார்ப்பரேட்டருக்குப் போகாமல் வண்டி நிற்கும். ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் கிளம்பிவிடும். இறங்கும்போதும் இரண்டாம் கியர்தான். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். மலைக்குப் போகுமுன் பிரேக்குக்கு ஆகும் செலவை நான் பார்ப்பதில்லை. பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரை நான்கு சக்கரத்துக்கும் ஒரே சமயத்தில் மாற்றினேன்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் ஓஸும் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வும் அதற்கு ஊறி இளகும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நிறுத்தியே வைத்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். ஓஸ் மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை. கசிந்தால் தீப்பிடிக்கும் விஷயம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றின் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது. பசுமை வரி தனி. வின்டேஜ் பதிவு, அதாவது பழம்பெரும் வண்டிகளுக்கான தனிப் பதிவு, என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம். அதற்கு முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், என் வண்டிக்கே 2036 வரும். அந்தப் பதிவு வாங்கினால் அன்றாடம் ஓட்டவும் முடியாது.

எஞ்சின் சோர்ந்து, பெயின்ட் வெளுத்து, தரை மட்டும் கெட்டியாக இருக்கும் வண்டி கிடைத்தால் கேட்கிற விலைக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கூடவே கொடுத்து எடுங்கள். புதுப் பெயின்ட்டில் மின்னுகிற வண்டி என்றால், பெயின்ட்டுக்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். அவை இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.