சாமி கும்பிடுகிறவரா, கும்பிடாதவரா: யாருக்கு நிம்மதி?

எங்கள் பெரியம்மா பிரதோஷம் தவறாமல் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போவார். நந்திக்கு அபிஷேகம் முடிவதற்குள் நாலு பேரின் மூட்டுவலி, ஒரு பேத்தியின் வரன், வெங்காய விலை எல்லாம் பேசியாகிவிடும். கால் சுளுக்கி இரண்டு பிரதோஷம் போகாதபோது, அந்தத் தோழிகள் தூக்குவாளியில் ரசத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

மாமா நாத்திகர். வேப்பேரி பெரியார் திடலில் கூட்டம் என்றால் அவருக்கும் அதே சுறுசுறுப்பு. ராகுகாலம், எமகண்டம் பார்க்கிற தொல்லை இல்லை. ஆடி மாதத்தில் வீடு மாறினார். வேறு யாரும் கேட்டு வராததால் வாடகையும் குறைந்தது! ஆனால் அத்தை இறந்தபோது ‘விதி’ என்று சொல்லி ஆறிக்கொள்ள அவருக்கு வழியில்லை. அது கஷ்டம்தான்.

பியூ ஆய்வு மையம் 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, அமெரிக்காவில் தவறாமல் வழிபாட்டுக்குப் போகிறவர்களில் 36 சதவீதம் பேர் ‘மிகவும் மகிழ்ச்சி’ என்றார்கள். மதம் சாராதவர்களில் 25. பக்தி ஜெயித்துவிட்டது என்று பெரியம்மா குதிக்க வேண்டாம்: பேருக்கு ஒரு மதம் வைத்துக்கொண்டு வழிபாட்டுப் பக்கம் அவ்வளவாகப் போகாதவர்களும் அதே 25தான். எனக்கென்னவோ பாதி மார்க் அந்த ரசத்துக்குத்தான் என்று படுகிறது. (சரி, ரசம் சுமார்தான்.) மாமாவுக்கும் திடலில் நண்பர்கள் உண்டு. கூட்டம் இல்லாத நாட்களில்தான் பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார்.