வெள்ளியங்கிரிக்கு அல்பாகாவா, மெரினோவா, திருப்பூர் பனியனா?

கோவைப் பக்கத்தில் ஏழு மலை ஏறவேண்டிய வெள்ளியங்கிரியின் குளிர் முதல் மலையில் தெரியாது. அடிவாரப் பூண்டியில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு படியேறினால் அரை மணி நேரத்தில் பனியனைப் பிழியலாம். ஆறாம் மலையில் ஆண்டி சுனையைக் கடந்து, ஏழாம் மலைக் காற்று ஈர முதுகில் அறையும்போதுதான் பல் தந்தியடிக்கும். நம் பக்கத்து மலைகளுக்கு வாங்கும் உடுப்பை நனைத்துப் பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்தச் சோதனையில் பருத்தி முதலிலேயே தோற்றுவிடும். குடித்த வியர்வையை விடாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூரை ஊராகக் கொண்டவன் இதைச் சொல்வது சங்கடந்தான்.

என் மாமன் மகன் போன பங்குனியில் வெள்ளியங்கிரி ஏற அல்பாகா ஸ்வெட்டரோடு வந்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்தது. அல்பாகா என்பது பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மேட்டுநிலத்தில், 3,500 மீட்டருக்கும் மேலே வளர்கிற ஒட்டக இனம். இரவில் உறைபனி விழும் ஊர். பல இழைகளின் நடுவே நுண்ணிய காற்றறைகள் இருப்பதால் எடைக்கு மிஞ்சிய வெப்பம் தரும். ஆட்டுக் கம்பளியில் உள்ள கொழுப்புப் பசை இதில் மிகக் குறைவு, செதில்களும் வழவழப்பானவை. நல்ல ரகத்தில் இழையும் மெல்லியது, ஆகவே அரிக்காது. ஆனால், சுமார் 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்கோ அதைவிடத் தாழ்ந்த வால்பாறைக்கோ அந்தக் கதகதப்பு அதிகப்படி. இரண்டாம் மலையிலேயே அவன் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான்.

இன்னொரு குறை, இழையில் சுருள் குறைவு. நனைந்தால் கனத்துத் தொங்கும், பழைய அளவுக்குத் திரும்ப அடம்பிடிக்கும். மெரினோ ஆட்டின் மயிர் ஸ்பிரிங் போலச் சுருண்டது. நீட்டினாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தோலுக்குச் சில்லென்று தெரியாது. மேலேறும்போது உடம்போடு ஒட்டிப் போட என் ஓட்டு 150 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 150 கிராம்) மெரினோவுக்கே. காசு இடித்தால் பாலியஸ்டர் பனியன். சீக்கிரம் காயும், விலையும் மலிவு. இரண்டாம் நாள் நாற்றத்தை மட்டும் பக்கத்தில் நடப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அல்பாகாவின் வேளை, நடை முடிந்த பிறகு. கொல்லிமலையில் கூடாரம் அடித்து உட்கார்ந்ததும் உலர்ந்த அல்பாகா குல்லாவும் காலுறையும் தரும் சுகத்துக்கு ஃப்ளீஸ் எனும் பஞ்சுபோன்ற பாலியஸ்டர் துணி ஈடாகாது. அடுப்புப் பொறி பட்டால் ஃப்ளீஸ் உருகி ஓட்டை விழும். கம்பளி கருகி அணைந்துவிடும். நம் குரும்பை ஆட்டுக் கம்பளியும் பொறிக்கு அஞ்சாது. ஆனால் அதைச் சுமக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். வால்பாறை அட்டைக்கு மட்டும் எந்தப் பின்னல் காலுறையையும் நம்பாதீர்கள், கண்ணி வழியே நுழைந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியுறைதான் தடுக்கும்.

அல்பாகாவைத் துவைப்பது தனிப் பாடு. வெந்நீர் ஆகாது, பிழியக் கூடாது, தரையில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். அது தெரியாமல் மாமன் மகன் ஈர ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டான். முழங்கால் வரை நீண்டுபோன அதை மார்கழி விடியலில் பால் கறக்கப் போகும்போது அத்தை போட்டுக்கொள்கிறார். குளிரே தெரியவில்லையாம்.