டைமிங் பெல்ட் அறுந்த டீசல் கார்: ஹெட் வேலையா, பழைய ஹெட்டா, முழு எஞ்சினா?

ஓடிக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அணைகிறது. மறுபடி செல்ஃப் அடித்தால் எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாக, ஒரு எதிர்ப்பும் இல்லாமல் ‘விர்ர்’ரென்று சுற்றுகிறது. டைமிங் பெல்ட் உள்ள கார் என்றால் முதல் சந்தேகம் பெல்ட்டின் மேல்தான். பிஸ்டன்கள் இணைந்த கிராங்க்கையும் வால்வைத் திறக்கும் கேமையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பது அதுதான். வால்வ் மூடவேண்டிய நேரத்தில் மூடவில்லை, கம்ப்ரஷன் இல்லை, அதனால்தான் அந்த லேசான சத்தம். இதற்குமேல் செல்ஃப் அடிக்கக் கூடாது. நாலு பேரை வைத்துத் தள்ளி கியரில் விட்டுப் பார்ப்பதும் கூடாது.

டோ பண்ணிப் பட்டறைக்குக் கொண்டுபோனதும் ஆளுக்கொரு யோசனை வரும். “பெல்ட்டை மாட்டி ஒரு செல்ஃப் அடிச்சுப் பாத்துரலாம்ணே” என்பார் ஒருவர். வால்வுகள் இருக்கும் மேல்பாகமான ஹெட்டை இறக்கணும் என்பார் இன்னொருவர். சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சினே கிடைக்கும், எதற்கு மெனக்கெடணும் என்பார் மூன்றாமவர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குப் பழகிய வேலையைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம்: ரெனோவின் 1.5 டிசிஐ, அதாவது கே9கே. 2012-இல் ஓரகடத்தில் தயாராகி வந்த டஸ்டர், நிஸான் சன்னி, டெர்ரானோ, மஹிந்திரா வெரிட்டோ என்று நம் ஊரில் பல கார்களில் இருக்கும் டீசல் எஞ்சின். நாலு சிலிண்டர், எட்டு வால்வ், ஒரே கேம்.

முதல் போட்டி, பெல்ட்டை மாட்டிப் பார்ப்பதா, திறந்து பார்ப்பதா என்பதில். மாட்டிப் பார்ப்பது சில எஞ்சின்களில் நியாயமான யோசனை. பழைய ஃபியட் பாலியோவின் 1.2 எட்டு வால்வ் பெட்ரோல் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளாது. புது பெல்ட் போட்டு டைமிங் வைத்தால் வண்டி கிளம்பிவிடும். டீசலில் அந்தச் சலுகை கிடையாது. கம்ப்ரஷன் அதிகம் வேண்டும் என்பதால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே இடமே இருக்காது. திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடித்தே தீரும்.

ஃபோர்டின் 1.5 டிடிசிஐ டீசல் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதில் கேமுக்கும் வால்வுக்கும் இடையில் சின்ன ராக்கர்கள் உண்டு. இடி விழுந்தால் பல நேரம் அவை முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும். அங்கே ராக்கரையும் பெல்ட் கிட்டையும் மாற்றி, கம்ப்ரஷன் அளந்து பார்ப்பது முட்டாள்தனம் இல்லை. கே9கேவில் ராக்கர் இல்லை. கேம் நேராக டாப்பெட்டின் (வால்வின் தலையில் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) மேல் உட்கார்ந்திருக்கிறது, அடி முழுவதும் வால்வுக்குத்தான்.

ஆனால் அதே அமைப்பு சோதனைக்கு ஒரு வசதியும் தருகிறது. பெல்ட்டே மாட்டாமல், ஹெட்டையும் இறக்காமல், சேதத்தை அளந்துவிடலாம். கிராங்க்கை ஸ்பேனரால் மெல்லத் திருப்பி நாலு பிஸ்டனும் பாதி உயரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். மேலே வரும் இடத்திலிருந்து கால் சுற்று தள்ளினால் போதும், இனி கேமைக் கையால் சுற்றினாலும் எதுவும் இடிக்காது. மேல் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வுக்கும் கேம் மூக்கு மேலே பார்க்கும்படி திருப்பி, கேமுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டு அளக்க வேண்டும். இன்டேக்கில் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 0.40 மி.மீ. வாக்கில் இருக்கவேண்டிய இடைவெளி. வளைந்த வால்வ் முழுதாக மேலே ஏறி மூடாது, கொஞ்சம் கீழே தொங்கும். அங்கே இடைவெளி மட்டும் பெரிதாகக் காட்டும். எட்டில் ஆறு இப்படி என்றால் பெல்ட்டை மாட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள எஞ்சினில் இந்த வித்தை செல்லாது. அங்கே லீக் டெஸ்ட்தான்: சிலிண்டருக்குள் காற்றை அடைத்து, எங்கே ‘உஸ்’ஸென்று வருகிறது என்று காது வைத்துக் கேட்பது. இன்டேக் குழாயில் வந்தால் இன்டேக் வால்வ், சைலன்ஸரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் மூடிப் பக்கம் வந்தால் பிஸ்டன் ரிங்.

சரி, வால்வ் வளைந்தது உறுதி. இனி எதைத் தேர்ந்தெடுப்பது?

என் ஓட்டு பெரும்பாலும் சொந்த ஹெட்டை வேலை செய்வதற்கே. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஹெட் இறங்கிய பிறகு, பிஸ்டன்கள் ஓடும் கீழ்ப்பாகமான பிளாக்கைப் பார்த்து. பிஸ்டன் தலையில் பிறை போல வெட்டு விழுந்திருப்பது சகஜம். கூர்மையான விளிம்பு, விரிசல், ஓட்டை இல்லை என்றால் அது கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட். ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் மேல்பரப்பில் டயல் கேஜ் வைத்து உயரம் அளக்கச் சொல்லுங்கள். மூன்று ஒரே அளவு காட்டி, நாலாவது மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ராட் வளைந்திருக்கிறது. பல பட்டறைகளில் இந்த ஒரு அளவை எடுப்பதே இல்லை. புது வால்வ் போட்டு வெளியே வந்த வண்டி ஒரு சிலிண்டரில் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும், காரணம் தெரியாமல் இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ராட் நேராக இருந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போகும். அங்கே வழக்கமாக வரும் சர்ச்சை: வளைந்ததை மட்டும் மாற்றுவதா, எட்டையும் மாற்றுவதா? கண்ணுக்கு நேராகத் தெரியும் வால்வையும் சுழற்றி டயல் வைத்துப் பார்த்தால் ஆட்டம் காட்டும். பிஸ்டன் தொட்ட வால்வ் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. “தட்டி நேராக்கிடலாம்” என்று யாராவது சொன்னால் ஹெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். தலை துண்டாகி உள்ளே விழும் வால்வ் பிஸ்டனையும் ஹெட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். வால்வ் தண்டு ஓடும் கைடு விரிந்திருக்கிறதா, வால்வ் உட்காரும் சீட் சரியா என்பதும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். வால்வ் உட்கார்ந்தபின் போர்ட்டில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி வைத்தால் கசிவு தானே சொல்லும். ஹெட்டின் அடிப்பரப்பை உரசி மட்டமாக்குவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம், பல டீசல் ஹெட்களில் கம்பெனி அதை அனுமதிப்பதில்லை. ஹெட் போல்ட் புதிதாகவே போட வேண்டும். டாப்பெட் இடைவெளியை மறுபடி அளந்து, தேவைப்படும் தடிமனில் டாப்பெட் தேடிப் போடவேண்டும். இந்த இடத்தில்தான் வேலை இழுக்கும்.

அப்புறம், பெல்ட் ஏன் அறுந்தது என்ற கேள்வி. வயதாகி அறுவது ஒரு வகைதான். வாட்டர் பம்ப் பேரிங் இறுகுவது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரோ தாங்கும் ஐட்லரோ உடைவது, சீல் கசிந்து பெல்ட் ஆயிலில் ஊறுவது எல்லாம் உண்டு. கே9கேவில் பேர்போன இன்னொன்று, வெளியே ஏசி, ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் நார்நாராகக் கிழிந்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் நுழைந்து டைமிங் பெல்ட்டை இழுத்துப் போடுவது. அந்த வெளிப் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் மாற்றாமல் ஹெட்டுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை.

கேம் உடைந்திருந்தால், ஹெட்டில் விரிசல் விழுந்திருந்தால், பழைய ஹெட் நல்ல வழி. பலர் இதை யோசிப்பதே இல்லை. எஞ்சின் எண் பிளாக்கில் இருக்கிறது, ஹெட்டில் இல்லை. அதனால் ஆர்.சி.யில் கைவைக்கும் வேலை வராது. புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ கே9கே ஹெட் தேடுவதும் பெரிய சிரமம் இல்லை, அத்தனை கார்களில் வந்த எஞ்சின். டஸ்டரிலேயே 85, 110 குதிரைசக்தி என்று இரண்டு இருப்பதால் பாக எண்ணை ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். வாங்கியதை அப்படியே ஏற்றக் கூடாது. அதுவும் லேத்துக்குப் போய், பிரஷர் டெஸ்ட் முடித்துத்தான் வரவேண்டும்.

முழு பழைய எஞ்சின் கேட்க இனிப்பாக இருக்கும். இறக்கி ஏற்றினால் வேலை முடிந்தது, நாளும் குறைவு. ஆனால் நீங்கள் வாங்குவது யாரோ ஒருவர் ஆயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சினாகவும் இருக்கலாம். அதற்கும் புது டைமிங் கிட், வாட்டர் பம்ப், சீல் எல்லாம் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இதே கதை திரும்ப நடக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் எழுதியிருக்கும் குறியீட்டு எண் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு.வில் ஏற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எஞ்சின் எண் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி இதை ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். பில், எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற காகிதம், இரண்டும் தராத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் எஞ்சின் என்றால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ராட் வளைந்து, பிஸ்டனும் ஓட்டையாகி, நல்ல காகிதத்தோடு எஞ்சின் கிடைத்தால் மட்டுமே நான் இந்தப் பக்கம் வருவேன்.

சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்து பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் மாற்றும் முழு எஞ்சின் வேலை, அதே நிலையில் இன்னொரு வழி. ஏற்கெனவே ஆயில் குடித்துக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் அது பொருந்தும். காரின் மதிப்பையே தாண்டிவிடக்கூடிய செலவு.

இன்சூரன்ஸை நம்பி உட்கார வேண்டாம். வழக்கமான பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் விலக்கு.

கடைசி வழி, இருக்கிறபடி விற்பது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது ரெனோ இந்தியாவில் டீசலையே நிறுத்திவிட்டதால், பழைய டஸ்டர் டீசலுக்கு இன்றும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் ‘ஸ்டார்ட் ஆகலை’ என்று நிற்கும் காரை வாங்குகிறவர் எஞ்சினே போய்விட்டது என்ற கணக்கில்தான் விலை கேட்பார். விற்பதாக முடிவு செய்திருந்தாலும் ஹெட்டை இறக்கி நாலு பிஸ்டன் உயரத்தையும் அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “வால்வ் மட்டும்தான் போயிருக்கு, பிளாக்கில ஒண்ணுமில்லை” என்று காட்ட முடிந்தால் பேரம் ஆரம்பிக்கும் தொகையே வேறாக இருக்கும்.