செக்யூரிட்டி அலர்ட்களை ஏபிஐ வழியாக அப்டேட் செய்வது: நீண்ட நாள் பயன்படுத்தியதில் தெரிந்தவை

மைக்ரோசாஃப்ட் கிராஃப் செக்யூரிட்டி ஏபிஐ (மைக்ரோசாஃப்ட்டின் பாதுகாப்புத் தகவல்களை நம் புரோகிராம் படிக்கவும் மாற்றவும் உதவும் வழி) மூலம் அலர்ட்களை, அதாவது பாதுகாப்பு எச்சரிக்கைகளை, அப்டேட் செய்யும் ஸ்கிரிப்ட்களோடு ரொம்ப நாளாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஏபிஐ-யை எப்படி கால் (call) செய்வது, அதாவது அதற்கு எப்படிக் கோரிக்கை அனுப்புவது என்றுதான். அது அரை நாளில் முடிந்துவிடும். ஸ்கிரிப்ட்டை எதையெல்லாம் எழுத விடலாம், எதில் ஆள்தான் கை வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பதில்தான் மண்டை காயும்.

கால் பற்றிச் சுருக்கமாக. அலர்ட்ஸ் என்ற பழைய முகவரி ஒன்று, அலர்ட்ஸ் வி2 என்ற புதியது ஒன்று. இரண்டுக்கும் பேட்ச் (PATCH) ரிக்வெஸ்ட்தான், இருக்கும் பதிவில் சில ஃபீல்டுகளை மட்டும் மாற்றும் கோரிக்கை. பழையதில் வெண்டார் விவரத்தையும் (அலர்ட்டை எழுப்பிய தயாரிப்பு எது என்பதை) சேர்த்து அனுப்பியாக வேண்டும், வேலை முடிந்தால் 204 என்ற பதில் எண்ணோடு மட்டும் வெறும் கையாகத் திரும்பும். வி2 அப்படியில்லை, 200 கொடுத்து மாறிய அலர்ட்டை முழுசாகத் திருப்பித் தரும், அதை அப்படியே லாக்கில் போட்டுவிடலாம். பெர்மிஷனும் இரண்டுக்கும் வேறு வேறு. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் (code) நிறைய பழைய முகவரிக்கு எழுதியவை, எடுத்து ஒட்டும் முன் முகவரியைப் பாருங்கள். இப்போது தொடங்குகிறவர்கள் பழையதன் பக்கம் போகவே வேண்டாம்.

ஸ்டேட்டஸில் பெரிதாக ஒன்றுமில்லை: நியூ, இன் ப்ரோக்ரஸ், ரிசால்வ்டு, அவ்வளவுதான். கவனம் தேவைப்படுவது கிளாசிஃபிகேஷன் (அலர்ட் உண்மையா, பொய்யா என்ற வகை), டிட்டர்மினேஷன் (அதற்கான காரணம்) என்ற இரண்டு ஃபீல்டுகளுக்கு. ஓர் உதாரணம். நாமே ஓடவிடும் வல்னரபிலிட்டி ஸ்கேனர் (பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் மென்பொருள்) இரவில் நெட்வொர்க்கைத் துழாவும்போது அலர்ட் வருகிறது. ஃபால்ஸ் பாசிட்டிவ் (தப்பாக வந்த அலர்ட்) என்று குறித்து மூடத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் அலர்ட் தப்பாக வரவில்லையே! நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறது, அது நாம் எதிர்பார்த்த ஒன்று, அவ்வளவுதான். இதற்கென்றே 'எதிர்பார்த்த நடவடிக்கை' என்ற வகை இருக்கிறது, டிட்டர்மினேஷனில் செக்யூரிட்டி டெஸ்டிங் என்ற மதிப்பும் இருக்கிறது. இந்த இரண்டையும் சரியாகப் போட்டு வைத்தால், பிற்பாடு அலர்ட்டை எழுப்பும் விதிகளில் எதைத் திருத்த வேண்டும் என்று பார்க்கிறவருக்கு உண்மையான படம் கிடைக்கும். எல்லாவற்றையும் ஃபால்ஸ் பாசிட்டிவ் கணக்கில் தள்ளினால், நன்றாக வேலை செய்யும் ஒரு விதியை உருப்படாதது என்று யாராவது அணைத்துவிடுவார்கள்.

அப்புறம் கமெண்ட். வி2-வில் இது பேட்சோடு போகாது, தனியாகப் போஸ்ட் (POST) ரிக்வெஸ்ட்டாக அனுப்ப வேண்டும், அதாவது ஒரு அலர்ட்டுக்கு இரண்டு கால். (கணினிகளைக் காக்கும் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பான டிஃபெண்டர் ஃபார் எண்ட்பாயின்ட்டின் சொந்த ஏபிஐ-யில் ஒரே காலில் கமெண்ட்டும் போகும்.) நான் முதலில் கமெண்ட்டைப் போட்டுவிட்டு, அது போய்ச் சேர்ந்த பிறகுதான் ஸ்டேட்டஸை மாற்றுவேன். நடுவில் அறுந்தால் திறந்த அலர்ட்டில் ஒரு உபரிக் கமெண்ட் இருக்கும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. தலைகீழாகச் செய்தால் காரணமே இல்லாமல் மூடிய அலர்ட் கிடைக்கும், யார் மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று அலசுவதிலேயே ஒரு மதியம் போய்விடும். 'தானாக மூடப்பட்டது' என்று மட்டும் எழுதுவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எந்த விதி பொருந்தியது, எந்த மெஷின், அனுமதி எந்த டிக்கெட்டில் இருக்கிறது, இந்த மூன்றும் ஒரே வரியில் வந்துவிட வேண்டும்.

எழுதுவதற்கு முன் அலர்ட்டை ஒருமுறை புதிதாகப் படித்துவிடுங்கள். பத்து நிமிஷத்துக்கு முன் எடுத்த பட்டியலை நம்பி மூடினால், அதற்குள் ஒருவர் தன் பெயரில் எடுத்து விசாரித்துக்கொண்டிருக்கலாம். என் ஸ்கிரிப்ட்டில் இதற்கு ஒரே விதிதான்: பொறுப்பாளர் ஃபீல்டில் பெயர் இருந்தால் அந்தப் பக்கமே போகாது. இன்சிடென்ட்டை (தொடர்புள்ள பல அலர்ட்களின் தொகுப்பை) ஸ்கிரிப்ட் மூட விடுவதும் இல்லை, ஏனென்றால் ஒரு இன்சிடென்ட்டை ரிசால்வ் செய்தால் அதில் திறந்திருக்கும் அலர்ட்கள் எல்லாமே சேர்ந்து மூடிவிடும். தீவிரம் ஹை என்று வருவதற்கும் ஸ்டேட்டஸ் மாற்றம் கிடையாது, கமெண்ட் மட்டும்தான்.

இத்தனை கால்தான் அனுப்பலாம் என்ற லிமிட் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். லிமிட்டைத் தாண்டிவிட்டது என்று 429 வந்தால், பதிலோடு வரும் ரிட்ரை ஆஃப்டர் ஹெடரில் எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று இருக்கும், காத்திருங்கள், முடிந்தது. மேலே சொன்ன டிஃபெண்டரின் எண்ட்பாயின்ட் ஏபிஐ-யில் அலர்ட் அப்டேட்டுக்கு நிமிடத்துக்கு 100 கால், மணிக்கு 1500 கால். குவியலாக மூட பேட்ச் அப்டேட் (இது batch, முன்பு சொன்ன PATCH இல்லை) என்று தனி வழி இருக்கிறது, அதற்கு நிமிடத்துக்கு 10தான். ஸ்கிரிப்ட் உள்ளே நுழையக் காட்டும் டோக்கனின் ஆயுள் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம், நீண்ட நேரம் ஓடும் ஸ்கிரிப்ட் நடுவில் புதுப்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டிட்டர்மினேஷன் மதிப்புகளை நிரலுக்குள் புதைக்காமல் தனி கான்ஃபிக் ஃபைலில் வையுங்கள். எண்ட்பாயின்ட் ஏபிஐ-யில் ஏபிடி, செக்யூரிட்டி பர்சனல் என்ற இரண்டு மதிப்புகளை 2022 ஆகஸ்டில் விலக்கினார்கள், அந்த மாதிரி நேரத்தில் ஒரு வரி மாற்றினால் போதும்.

கடைசியாகப் பெர்மிஷன். படிக்கும் ரிப்போர்ட் ஸ்கிரிப்ட்டுக்கும் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்கும் ஒரே ஆப் ரெஜிஸ்ட்ரேஷனை (மைக்ரோசாஃப்ட்டிடம் ஸ்கிரிப்ட்டுக்கென்று பதியும் அடையாளத்தை) கொடுக்காதீர்கள், வசதிதான் என்றாலும். ரீட்ரைட் (படிக்கவும் எழுதவும்) பெர்மிஷன் உள்ள ஆப்பின் சீக்ரெட், அதாவது பாஸ்வேர்டு, வெளியே போனால், உள்ளே வந்தவன் தன்னைப் பற்றி வரும் அலர்ட்களைத் தானே மூடிக்கொள்ளலாம். எழுதும் ஆப்பை நான் சீக்ரெட்டுக்குப் பதிலாக சர்ட்டிஃபிகேட்டில்தான் வைத்திருக்கிறேன், அது மூடிய அலர்ட்களின் பட்டியல் தினமும் காலையில் ஷிஃப்ட்டில் இருப்பவருக்குப் போய்விடும்.