கலர் அடிக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்

பழைய காருக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்து ஏமாந்துவிட்டேன். இன்னொருத்தர் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பத்து நாள் ஆகும் என்று சொன்னவர்கள் நாலே நாளில் வண்டியைக் கொடுத்தார்கள். அங்கேயே நான் கேட்டிருக்க வேண்டும். பளபளவென்று நின்ற வண்டியைப் பார்த்ததும் வாய் அடைத்துவிட்டது. "எல்லா இடமும் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சுத்தான் சார் அடிச்சிருக்கோம்" என்றார் கடைக்காரர், நம்பினேன். வாட்டர் பேப்பர் என்றால் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெயில் சாய்வாக விழும்போது பானெட்டில் நீள நீளமாகக் கோடுகள். அப்புறம் கதவின் அடிப்பகுதியில் கடுகு அளவு கொப்புளங்கள். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், உள்ளே ஈரம், அடியில் தகரம் துருப்பிடித்திருந்தது.

வேறொரு பெயிண்டரிடம் கொண்டுபோனேன். அவர் அந்த இடத்தைச் சுரண்டிக் காட்டினார். பள்ளத்தை நிரப்பப் பூசும் பசையான பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். பட்டி தண்ணீரைக் குடிக்கும், அதனால் அதைத் தண்ணீர் இல்லாமல்தான் தேய்க்க வேண்டும், வாட்டர் பேப்பர் எல்லாம் மேலே பிரைமர் (கலருக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) போட்டு அது நன்றாக இறுகிய பிறகுதான். குடித்த ஈரம் காயும் முன்பே பிரைமர், கலர், அதன் மேல் பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் கோட் என்று மூடிவிட்டால் அது எங்கே போகும்? வெயிலில் சூடாகி மேலே பெயிண்டைத் தள்ளுகிறது, கீழே தகரத்தை அரிக்கிறது.

கோடுகளுக்குக் காரணம் அவசரம். 80 நம்பர் சொரசொரப்பான பேப்பரில் பட்டியை இழுத்துவிட்டு, 180, 320 என்று படிப்படியாக நைசான பேப்பருக்கு ஏறாமல் பிரைமரைத் தடியாக அடித்து மறைத்திருக்கிறார்கள். அடித்த அன்று ஒன்றும் தெரியாது. பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் உள்ளே நின்று வாரக்கணக்கில் மெதுவாக வெளியேற வெளியேற, பெயிண்ட் சுருங்கி அந்தக் கீறல்களுக்குள் இறங்கிவிடும். கண்ணாடி, கதவு ஓரத்து ரப்பர் பட்டையான பீடிங்கையும் கழற்றவில்லை, டேப் ஒட்டி அடித்திருக்கிறார்கள். பேப்பர் படாத அந்த ஓரத்தில் பெயிண்ட் பிடிக்காமல் தோல் மாதிரி உரிகிறது.

முதல் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "மழையில நிறுத்தியிருப்பீங்க சார்" என்கிறார்கள். கார் மழையில் நனையாமல் எங்கே போகும்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

வண்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பிரைமரைத் தேய்த்து முடித்ததும் கலர் அடிக்கும் முன் நான் வந்து பார்ப்பேன். பீடிங், லைட், கைப்பிடி எல்லாம் கழற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிரைமர் மேல் லேசாகக் கறுப்பு தூவித் தேய்க்கச் சொல்லுங்கள், பள்ளமும் கீறலும் இருக்கிற இடத்தில் கறுப்பு அப்படியே தங்கிக் காட்டிக்கொடுக்கும். பேப்பரைத் தட்டையான கட்டையில் வைத்துத்தான் தேய்க்கிறார்களா என்பதும் முக்கியம், வெறும் விரலால் தேய்த்தால் விரல் தடம் வாய்க்கால் மாதிரி நிற்கும். தேய்க்கும் முன்பே மெழுகு, கிரீஸ் எல்லாம் துடைத்தார்களா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் அதுவும் கீறலுக்குள் போய்விடும், கலர் அந்த இடத்தில் ஒட்டாமல் குழி குழியாக விலகும். வந்து பார்க்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் அந்த இடத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

என் கார் இப்போது இரண்டாவது பெயிண்டரிடம் இருக்கிறது. பட்டி போட்ட இடம் எல்லாம் தகரம் வரை சுரண்டி முதலிலிருந்து செய்கிறார். இன்னும் பிரைமரே போடவில்லை, தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.