ரெண்டு ஊருக்கு நடுவுல தூரம் காட்டுற கால்குலேட்டர்: கிலோமீட்டரை நம்பலாம், மணி நேரத்தை நம்பாதீங்க

ரெண்டு சிட்டி பேரை போட்டா ஏர் டிஸ்டன்ஸ், ரோடு டிஸ்டன்ஸ், எவ்ளோ நேரம் ஆகும்னு காட்டுமே, அந்த மாதிரி சைட்டுங்களை வருஷக்கணக்கா யூஸ் பண்றேன். விளம்பரத் தொல்லை இருக்கும், அது கிடக்கட்டும். தூரம் சொல்றதுல பெரிசா குறை இல்ல. ரெண்டு சைட்ல ரெண்டு நம்பர் வந்தா பயப்படாதீங்க, ஒண்ணு ஊர் நடுவுலேர்ந்து அளக்கும் இன்னொண்ணு ஏர்போர்ட்லேர்ந்து அளக்கும், அதுவும் போக நிறைய பேர் பூமியை 6371 கிமீ ஆரம் உள்ள உருண்டைன்னு வெச்சு கணக்கு போடுறாங்க, ஆனா பூமி துருவத்துல லேசா சப்பை, அதனால அரை சதவீதம் வரைக்கும் முன்னபின்ன வரும்.

ஃப்ளைட் டைம் தான் சுத்தமா தேறாது. தூரத்தை மணிக்கு 800 இல்ல 900 கிமீன்னு வகுத்து, சில சைட்ல மேல ஒரு அரை மணி சேத்து போட்டுடுறாங்க, அவ்ளோதான் கணக்கு. காத்தை யாரும் கண்டுக்குறதில்ல. லண்டன் - நியூயார்க் கிட்டத்தட்ட 5,570 கிமீ, போக வர ஒரே நேரம்தான் காட்டும், ஆனா மேல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு வேகமான காத்து மேற்குலேர்ந்து கிழக்கால அடிக்கிறதால நியூயார்க் போறப்ப எதிர்காத்து, திரும்பி வர்றதை விட சுமார் ஒரு மணி நேரம் கூட ஆகும். ஏர்லைன் டைம்டேபிள்ல இருக்குறது கேட்டுக்கு கேட், ரன்வேக்கு உருண்டு போற நேரமும் அதுல அடக்கம், அதனால நான் அதை மட்டும்தான் எடுத்துக்குறேன். ஆனா அதுல ரெண்டு பக்கமும் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும், சும்மா கழிச்சு பாத்துட்டு ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்னு சந்தோஷப்படாதீங்க.

அது மேல ஏர்போர்ட் போறது, செக்-இன், செக்யூரிட்டி, லக்கேஜுக்கு நிக்கிறது, இறங்கி ஊருக்குள்ள போறதுன்னு உள்நாட்டு ஃப்ளைட்டுக்கே ஒரு மூணு மூணரை மணி நேரம் சேப்பேன். 300 கிமீ தூரத்துக்கு வானத்துல முக்கால் மணிதான், ஆனா வீட்டுலேர்ந்து வீடுன்னு பாத்தா நாலு மணி நேரம் ஓடிடும், நல்ல ரோடா இருந்தா கார்லயே போயிடலாம். 500 கிமீ தாண்டினா தான் ஃப்ளைட்டுக்கு அர்த்தம் வருதுங்கறது என் கணக்கு.

ரோடு டைமுக்கு இந்த சைட்டுங்க பக்கமே போகாதீங்க, மேப்ல கிளம்புற நேரத்தை போட்டு பாருங்க, டீசல் போட சாப்பிட நிக்கிறதை நீங்களே சேத்துக்கணும். சில சைட் ஏர் டிஸ்டன்ஸை ஏதோ ஒரு நம்பரால பெருக்கி ரோடு தூரம்னு காட்டுது. பியூனஸ் அயர்ஸ் (அர்ஜென்டினா) - மான்டிவிடியோ (உருகுவே) மாதிரி இடத்துல அது அப்படியே கவுந்துடும், நேரா சுமார் 200 கிமீதான், நடுவுல பெரிய ஆத்து முகத்துவாரம், சுத்தி போனா 500க்கும் மேல. அதனால ரோடு தூரத்தை ஏர் தூரத்தால வகுத்து பாப்பேன். 1.2, 1.3ன்னு வந்தா நார்மல். 2க்கு மேல போச்சுன்னா நடுவுல மலையோ தண்ணியோ இருக்கு, ஃபெர்ரியோ ட்ரெயினோ கிடைக்குமான்னு முதல்ல தேடிடுவேன்.